முதல் ஜெபம் நடந்த வீடு

தேவிகுளத்துக்கு மேலே, எஸ்டேட் மெதடிஸ்ட் சபைக்கு ஐம்பதாம் ஆண்டு விழா. விழா மலரில் சபை வரலாற்றை எழுதியவர் செயலாளர் ஜெபசிங். முதல் ஜெபக்கூட்டம் நடந்ததென்னவோ எஸ்டேட்டில் கக்கூஸ் கழுவிய ஞானப்பூவின் வீட்டில்தான், தொழிலாளர் குடியிருந்த லயத்தில். வெளியூர்ப் போதகர்கள் படிப்பார்களே என்று ஜெபசிங்குக்குக் கூச்சமாம். கங்காணியாயிருந்த தன் அப்பாவின் வீட்டில் நடந்ததாக எழுதிவிட்டார்.

ஆராதனை முடிந்ததும் கிழவி ஞானப்பூ மலரை அவரிடம் நீட்டினாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது.

“எங்க வீட்டப் பத்தி எழுதுன எடத்தக் காட்டுய்யா. கண்ணுல ஒத்திக்கிடுதேன்.”

ஜெபசிங் அந்தப் பக்கத்தைப் புரட்டினார். விரல் அப்பாவின் பெயர்மேல் போய் நின்றது. அவள் குனிந்து அதையே கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

“அம்பது வருசமாக் கடைசி பெஞ்சுல ஒக்காந்ததுக்கு இது போதும்யா.”