தாள் கைக்கு வருமுன்

1

இந்தக் கதை நான் சொன்ன தவறான விடை ஒன்றிலிருந்து பிறந்தது. முப்பத்து நான்கு ஆண்டுகள் பிள்ளைகளின் தவறுகளைச் சிவப்பு மையால் சுழித்தவன் நான். என் தவறைச் சுழிக்க ஆளில்லாததால் அதைக் கதையாக எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

கேள்வி எளியது. நிறுத்தக் கூடாத இடத்தில் ஒருவர் வண்டியை நிறுத்துகிறார். காவலர் வருகிறார். அபராதத் தாள் கைக்கு வருமுன் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டால் அபராதம் உண்டா, இல்லையா?

இல்லை என்றேன். அப்போது என் கண்களில் மருந்து விட்டிருந்தார்கள்.

2

முதலில் எழுதிய தொடக்கம்: "தேனியில் வெயில் ஏறிய ஒரு காலையில், பச்சை நிற ஜீப் ஒன்று கண் மருத்துவமனையின் வாசலில்

அந்த வாக்கியத்தை அங்கேயே விட்டுவிட்டேன். ஜீப் பச்சை என்று எனக்கு எப்படித் தெரியும்? கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்துக்குப் பிறகு அன்றைய தெரு முழுவதும் ஒளி வழிந்துகொண்டிருந்தது. மனிதர்கள் விளிம்பில்லாமல் வந்தார்கள், விளிம்பில்லாமல் போனார்கள். தெளிவாகக் கண்டதுபோல் எழுதினால் அது இன்னொரு தவறான விடையாகிவிடும்.

இரண்டாவது தொடக்கம், என் பழக்கதோஷம்:

மான் ஒன்று முல்லையாற்றில் தண்ணீர் குடிக்கக் குனிந்தது. "இது குடிக்கும் துறை அல்ல. இங்கே குடித்தால்..." என்று கரையிலிருந்த ஆமை மெதுவாகச் சொல்லத் தொடங்கியது. அது வாக்கியத்தை முடிக்குமுன் மான் பாய்ந்து ஓடிவிட்டது. முடியாத வாக்கியம் தன்னைக் கட்டாது என்று மான் எண்ணியது. ஆனால் அது குனிந்தபோதே ஆறு அதன் முகத்தை வாங்கி வைத்துக்கொண்டிருந்தது.

[கதையின் சாரம் இதிலேயே முடிந்துவிடுகிறது. நீதிக்கதைகளின் குறையும் அதுதான். மான் ஓடிய வழியில் யார் நின்றிருந்தார்கள் என்று அவை கேட்பதே இல்லை.]

3

ஆகவே நடந்ததை நடந்த வரிசையில் சொல்கிறேன்.

சுருளிராஜன் கம்பத்துக்காரர். நாள்தோறும் விடியற்காலையில் பதினொரு பெண்களைத் தம் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு, கம்பம்மெட்டுச் சாலையின் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி, கேரளத்து ஏலத்தோட்டத்தில் இறக்கிவிடுவார். மாலையில் திரும்ப அழைத்து வருவார். பதினொருவரில் ஒருத்தி அவர் மனைவி மகாலட்சுமி. முன்னிருக்கை அவளுடையது. மகளிர் குழு மூலமாக வாங்கிய வண்டி என்பதால் பதிவும் அவள் பெயரில் இருந்தது. வண்டிப் பதிவு அலுவலகத்தில் கொடுத்த கைபேசி எண்ணும் அவளுடையதே.

எனக்கு அவரை முன்பின் தெரியாது. மருத்துவமனையில் பரிசோதனைக்கு வருபவர் துணையோடு வர வேண்டும் என்பது விதி. "கூட யாரு வந்திருக்காக?" என்று செவிலி கேட்டபோது அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என்னைக் காட்டினார். சற்று நேரத்தில் என்னிடம் அதே கேள்வி வந்தபோது நான் அவரைக் காட்டினேன். பொய்யால் பிறந்த உறவு என்றாலும், காத்திருந்த இரண்டு மணி நேரத்தில் அது உண்மையாகிவிட்டது.

எனக்குக் குறை பெரிதில்லை. அவருக்கு இரண்டு கண்ணிலும் புரை முற்றியிருந்தது. அறுவை முடியும்வரை வண்டி ஓட்டவே கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

"பனியில எதிர்த்தாப்புல ஒரு லைட்டு வந்தா அஞ்சாத் தெரியுது சார்" என்று என் காதருகே சொன்னார். "நடு லைட்டுதான் நெசம்னு வச்சு ஓட்டுறேன்."

தோட்டத்தில் ஏலக்காய் எடுப்பு முடிய இன்னும் இரண்டு மாதம் இருந்தது. நடுவில் நிறுத்தினால் பெண்கள் வேறு ஜீப்புக்குப் போய்விடுவார்கள். போனவர்கள் திரும்ப மாட்டார்கள். மகாலட்சுமிக்குத் தெரிந்தாலோ அன்றைக்கே சாவியை வாங்கி வைத்துவிடுவாள். அன்று தோட்டத்தில் மருந்தடிக்கும் நாள், வேலை இல்லை. கம்பத்துப் பட்டறையில் கிளட்ச் மாற்றப் போவதாக அவளிடம் சொல்லிவிட்டுத் தேனிக்கு வந்திருந்தார்.

மருந்தின் வேகம் தணியும்வரை ஜீப்பிலேயே உட்கார்ந்திருப்பது, பிறகு போகிற வழியில் என்னை உத்தமபாளையத்தில் இறக்கிவிடுவது என்று பேசிக்கொண்டோம். நல்ல திட்டம். அதைக் கெடுத்தவன் நான்.

4

[இந்தப் பகுதியில் வரும் பெண் காவலரைப் பற்றி எனக்கு ஐயம் இருக்கிறது. முதல் வரைவில் அவரைக் கடுமையானவராக எழுதியிருந்தேன். முகமே தெரியாத ஒருவருக்குக் கடுமையை எங்கிருந்து எடுத்துக் கொடுத்தேன்? என் பயத்திலிருந்துதான். அடித்துவிட்டேன்.]

ஒரு காக்கி நிழல் ஜீப்பின் முன்னால் வந்து நின்றது. வண்டி நிறுத்தக் கூடாத இடத்தில் நிற்பதாக அதன் குரல் சொன்னது. பிறகு கையை உயர்த்தியது. கையில் இருந்தது கைபேசியா, அல்லது வெயிலுக்கு நெற்றியை மறைத்துக்கொண்டாரா என்று எனக்குத் தெரியவில்லை.

சுருளிராஜன் என் பக்கம் குனிந்தார். "சார், நீங்க படிச்சவுக. தாளு கைக்கு வர்றதுக்குள்ள எடுத்துட்டா ஃபைன் வராதுல்ல? ஃபைனுக்குப் பயமில்ல. வந்தா வீட்ல தெரிஞ்சுபோகும்."

என் காலத்தில், எழுதிக் கையில் தராத தாளுக்கு உயிர் கிடையாது. உலகம் இன்னும் அந்தக் காலத்திலேயே இருப்பதாக நம்புவது ஓய்வுபெற்றவர்களின் நோய்.

"வராது" என்றேன். "எடுங்க."

காக்கி நிழல் ஓரமாக விலக, நான்கு மங்கிய கண்களோடு அந்த ஜீப் நகர்ந்தது.

5

அந்தப் பயணம் அழகாக இருந்தது. இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் அழகாகத்தான் இருந்தது. வீரபாண்டியில் ஆறு ஒரு வெள்ளைப் பளபளப்பாக வந்து போனது. தென்னைகள் வேர் இல்லாமல் மிதந்தன. சின்னமனூர் தாண்டியதும் திராட்சைப் பந்தல்கள் பச்சைப் புகையாகச் சாலையோரம் படுத்திருந்தன. மலைகள் எங்கே முடிகின்றன, வானம் எங்கே தொடங்குகிறது என்ற தகராறே இல்லை. "தப்பிச்சோம் சார்" என்று அவர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

அப்போது சாலையின் நடுவில் வெள்ளையாக ஒன்று இருந்தது.

வரைவு ஒன்று: அது ஒரு வெள்ளாடு.

வரைவு இரண்டு: அது லாரியிலிருந்து விழுந்த உரச் சாக்கு.

வரைவு மூன்று: அது வெள்ளைச் சீருடை அணிந்த ஒரு

இல்லை. உண்மை இவ்வளவுதான். அவர் பிரேக்கை மிதித்தார். ஜீப் உதறி நின்றது. அந்த வெள்ளை சற்று நேரம் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது, அல்லது பார்க்கவில்லை. பிறகு எழுந்து, அவசரமில்லாமல், பந்தலுக்குள் போய்விட்டது.

"என்ன சார் அது?" என்றார்.

எனக்குத் தெரியவில்லை என்றேன். உத்தமபாளையத்தில் என்னை இறக்கிவிட்டபோது என் கைபேசி எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

6

என் விடை சரிதானா என்ற ஐயத்தோடு பத்து நாள் பொறுத்தேன். அதற்குமேல் முடியாமல், எங்கள் தெருமுனையில் கணினி மையம் நடத்தும் ஜேசுராஜிடம் போய், பொதுவாகக் கேட்பதுபோல் என் கேள்வியைக் கேட்டேன். அவன் சிரித்தான்.

"தாளா? அது எந்தக் காலத்துல சார்? நம்பர் பிளேட்டப் போட்டோ எடுத்தாலே போதும். நீங்க மதுரை வரைக்கும் ஓடினாலும் மெசேஜ் வீட்டுக்கு வந்துரும். வண்டி யாரு பேருல இருக்கோ அவுகளுக்கு."

சுருளிராஜன் பேச்சுவாக்கில் சொன்ன ஜீப்பின் எண் எனக்கு நினைவிருந்தது. அவன் அதைத் தட்டினான். திரையில் படம் வந்தது.

இந்தக் கதையிலேயே தெளிவான கண் அந்தக் கைபேசிக்குத்தான் இருந்திருக்கிறது. ஜீப் பச்சை அல்ல, நீலம். உள்ளே இரண்டு பேர். ஒருவர் திசைச்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு இன்னொருவரைப் பார்க்கிறார். அந்த இன்னொருவர் வெள்ளை வேட்டி சட்டையில், வலக்கையை முன்னால் நீட்டியிருக்கிறார். போ என்று.

"அட, இது நீங்கதானே சார்?" என்றான் ஜேசுராஜ்.

படத்தின் கீழே இடமும் நேரமும் இருந்தன. அபராதம் மறுநாளே கட்டப்பட்டுவிட்டது என்றும் இருந்தது.

மறுநாளே என்றால், மகாலட்சுமி பார்த்துவிட்டாள். தேனி என்று படித்துவிட்டாள். கட்டியும்விட்டாள். முந்தின மாலைகூட என்னை அழைத்த சுருளிராஜன், "ஒண்ணும் வரல சார், நீங்க சொன்னதுதான் சரி" என்று நன்றி சொல்லியிருந்தார்.

7

[இங்கே மூன்று முடிவுகள் எழுதினேன். ஒன்றில் மகாலட்சுமி சாவியைப் பிடுங்கிக்கொள்கிறாள். ஒன்றில் அவர் தாமாகவே சொல்லிவிடுகிறார். மூன்றாவதை மலைச்சாலையின் வளைவு வரை எழுதிவிட்டுக் கிழித்தேன். மூன்றிலும் நான் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். அதனால்தான் எதுவும் சரிவரவில்லை.]

மறுநாள் முதல் பேருந்தில் கம்பம் போனேன். அவர் கண்ணின் நிலையை அவர் மனைவியிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். ஜீப்புகள் வரிசையாகக் கிளம்பும் இடத்தில் பனி இறங்கி இருந்தது. நீல ஜீப்பை அடையாளம் கண்டு நெருங்குமுன் எஞ்சின் உறுமியது. பின்னிருக்கையிலிருந்து ஒரு பெண்ணின் குரல் கேட்டது.

"ராஜண்ணே, இன்னைக்காச்சும் பாட்டுப் போடு. ஒன் பொண்டாட்டி ஒரு மாசமா ரோட்டையே வாசிச்சுக்கிட்டு வர்றா. காது புளிச்சுப்போச்சு."

"சும்மா கெட பஞ்சம்மா" என்றது முன்னிருக்கைக் குரல். உடனே தணிந்து, கணவனுக்கு மட்டுமாகச் சொன்னது: "எடது பக்கம் சைக்கிளு. விட்டு எடு."

ஒரு மாதமாக. படம் வந்ததோ பத்து நாளைக்கு முன்புதான்.

அவளிடம் சொல்ல நான் எடுத்து வந்த செய்தி என் வாயிலேயே பழையதாகிவிட்டது. அவளுக்கு எல்லாம் தெரியும். தெரிந்ததால்தான் தன் கண்ணை அவருக்குக் கொடுத்துக்கொண்டு மலையேறுகிறாள். அன்பு என்று இதை எழுதலாம். ஆனால் பின்னிருக்கையில் இருக்கும் பத்துப் பேரை எந்தச் சொல்லில் எழுதுவது? அவர்களுக்கு அது வெறும் வாய் ஓயாத பேச்சு.

நான் நடந்து போய் ஜீப்பின் முன்னால் நின்றேன்.

"முன்னால வெள்ளையா ஒரு ஆளு நிக்கிறாக" என்றாள் மகாலட்சுமி.

"எம்புட்டுத் தூரம்?"

"இருவது அடி. நகந்துருவாக. போ."

ஒரு எட்டு விலகினால் போதும். ஜீப் போய்விடும், காய் எடுப்பு முடியும், யார் கைக்கும் எந்தத் தாளும் வராது. போ என்று நீட்டிய கை இப்போது என் விலாவோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆமை தன் வாக்கியத்தை முடித்தாக வேண்டும். அது என்ன சொல்ல வேண்டும் என்பதை, இவர்கள் எல்லோரையும் தெளிவாகப் பார்த்துக்கொண்டிருக்கும் நீங்கள்தான் சொல்ல வேண்டும். என்னால் நிற்க மட்டுமே முடிகிறது.

விளக்குகள் என்மேல் விழுகின்றன. இந்தப் பனியில் சுருளிராஜனுக்கு நான் ஐந்தாகத் தெரிவேன். நடுவில் நிற்பவன்தான் நிஜம் என்று வைத்துக்கொள்வார்.

நான் நடுவில்தான் நிற்கிறேன்.