மை போடாத குரல்

ஓசையிலிருந்துதான் உலகமே பிறந்தது என்பார்கள். ஞானவேலின் ஓசையிலிருந்து அல்ல என்பது பழனி அடிவாரத்தில் எல்லாருக்கும் தெரியும். அவன் வாக்கியம் கம்பீரமாகப் புறப்படும். ஊர் போய்ச் சேருமுன் அச்சுக்கு மை போடாத வண்டிச் சக்கரம் போலக் கரகரவென்று இழுக்கும்.

ஐம்பத்தெட்டாம் வருஷத்துப் பங்குனி உத்திரம். காவடிகளும் மாட்டுவண்டிகளும் வந்து குவிந்த அந்த நாட்களில், காணாமல் போனவர்களைக் கூப்பிடும் மைக் அவன் கையில் இருந்தது. விழாக் கமிட்டிச் செயலாளர் சேனாதிபதி முன்கூட்டியே சொல்லிவிட்டார்: "குரல் ரேடியோ மாதிரி இருக்கணும் தம்பி. கரகரன்னுச்சோ, மைக்கு வேற ஆளுக்குப் போயிரும்."

ஆகவே ஞானவேல் அடிவயிற்றிலிருந்து ஒரு குரலை எடுத்து, அதற்குத் தலைப்பாகை கட்டி உலவவிட்டான்.

மத்தியானம் சோறு கொண்டுவர வேண்டிய மனைவி கந்தம்மாளைக் காணோம். மலைமேல் பூம்பாறையிலிருந்து கல்யாணமாகி வந்து மூன்று மாசம். பூண்டுக் காட்டைத் தவிர வேறு கூட்டம் பார்த்தறியாதவள்.

"திருமதி கந்தம்மாள் அவர்கள் எங்கிருந்தாலும் உடனடியாக ஒலிபெருக்கிப் பந்தலுக்கு எழுந்தருளுமாறு..."

பன்னிரண்டு தடவை முழங்கினான். மூன்று கந்தம்மாள்கள் எழுந்தருளினார்கள். ஒருத்தியும் அவனுடையவள் அல்ல.

பொழுது சாய்ந்தது. தலைப்பாகை தானாகக் கழன்றது.

"ஏ கந்தம்மா... எங்கன புள்ள கெடக்க? வெரசா வாயேன், பயமா இருக்கு..." கடைசிச் சொல் கரகரத்துத் தேய்ந்தது.

பந்தலுக்குப் பின்னாலிருந்த வேப்பமரத்தடியிலிருந்து தூக்குவாளியோடு எழுந்து வந்தாள். "இங்ஙனதான இருக்கேன்!"

"பன்னண்டு தடவ கூப்புட்டனே!"

"அது நீங்களா? யாரோ பெரிய மனுசன் பொண்டாட்டியத் தொலச்சுட்டு நிக்காருன்னுல்ல பாவப்பட்டுக்கிட்டு இருந்தேன். உங்க கரகரப்பு கேட்டா அந்தப் பக்கம் போவோம்னு உக்காந்தேன்."

"அது வரக்கூடாதுன்னுதான் புள்ள இவ்வளவு பாடும்."

"மூச்சு தீந்த பொறவும் பேச்ச இழுத்தா வேற எப்படிங்க வரும்? நடுவுல ஒருக்கா மூச்சு விடுங்க. அப்பவும் வந்தா வந்துட்டுப் போகுது. அது கேட்டாத்தான் வீட்டுல ஆளு இருக்குன்னு எனக்குத் தெரியும்."

சேனாதிபதி காதில் எல்லாம் விழுந்தது. மூன்று கந்தம்மாள்களைச் சமாதானப்படுத்தும் சோலி இருந்ததால் மைக்கைப் பிடுங்க அவருக்கு நேரமில்லை.

பிறகு வந்த வருஷங்களில் வண்டிகள் குறைந்து பஸ்கள் பெருகின. ஆனாலும் அந்தக் காலத்து அடிவாரத்துக்காரர்களுக்கு உத்திரம் என்றால், கொட்டுச் சத்தத்துக்கு ஊடே இழுபடும் அந்தக் கரகரப்புதான்.

கந்தம்மாள் கிடைத்த மறுநாள் காலை ஞானவேல் சொந்தக் குரலில் முதல் அறிவிப்பைச் செய்தான். அதைக் கேட்ட வண்டிக்காரர்கள் இரண்டு பேர் இறங்கித் தங்கள் சக்கரங்களுக்கு மை போட்டார்கள்.