டிரம்மில் மிதந்த மெழுகு

கல் விஷயத்தில் யூஜினியாவை ஏமாற்ற முடியாது என்பது காரைக்குடியில் மீன்தொட்டி வைத்திருக்கிற அத்தனை பேருக்கும் தெரியும். அவள் புருஷனுக்கு மட்டும் தெரியவில்லை பாருங்கள், அதைத்தான் சொல்ல வந்தேன்.

அருண் ஜோசப்புக்கு அலங்கார மீன் கடை. கப்பியும் தங்கமீனும் விற்றுக்கொண்டிருந்தவன், நாலு வருஷமாகக் கடல்நீர்த் தொட்டியும் அமைத்துக் கொடுக்கிறான். அந்தத் தொட்டிக்கு உயிரே உள்ளே அடுக்குகிற கல்தான். கடலிலிருந்து பவளப்பாறையைக் கிளப்பிவந்தால் கம்பி எண்ண வேண்டும். ஆகவே தரையில் கிடைக்கிற, பொத்தல் விழுந்த சுண்ணாம்புக் கல்லைத் தேடிப் பிடித்து, கழுவி, மாதக்கணக்கில் ஊறப்போட்டு, அதைக் கடலுக்குப் பழக்க வேண்டும். பழக்குகிற வேலை யூஜினியாவுடையது. கல்யாணத்துக்கு முன்னால் பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி லேபைப் பார்த்துக்கொண்டவள்.

ஒரு கல்லைக் கொடுத்தால் முதலில் கையில் ஏந்திப் பார்ப்பாள். கனத்தால், "அங்குட்டுப் போடுங்க" என்பாள். இலேசாக இருந்தால் இரண்டு சொட்டு வினிகர் விடுவாள். புசுபுசுவென்று நுரைத்தால் சுண்ணாம்பு, எடுத்துக்கொள்ளலாம். நுரைக்காத செம்பூராங்கல்லை நைசாகத் தள்ளிவிடப் பார்க்கிற தரகர்கள் அவள் வாய்க்குப் பயந்தே அந்தத் தெருப் பக்கம் வருவதில்லை.

நெற்குப்பையில் மெய்யநாதன் செட்டியார் தம் பெரிய வீட்டை ஹோட்டலாக மாற்றிக்கொண்டிருந்தார். முகப்பில் ஆறடிக்குக் கடல்நீர்த் தொட்டி வேண்டும் என்று அருணிடம் சொல்லியிருந்தார். அதற்காகத்தான் ஜூன் கடைசியில் அருண் ஒரு வேன் நிறையக் கல்லோடு வந்து இறங்கினான்.

"இளையாத்தங்குடிப் பக்கம் ஒரு மதிலை இடிச்சாங்க, யூஜினி. தூக்கிப் பாரு, பஞ்சு மாதிரி இருக்கு."

தூக்கிப் பார்த்தாள். பஞ்சுதான். வினிகர் பட்டதும் பொங்கியது. ஒவ்வொரு கல்லிலும் ஒரு பக்கம் மட்டும் புதிதாக உளி போட்டுக் கொத்தியிருந்தது.

"இது எதுக்குக் கொத்தியிருக்கீக?"

"பெயிண்ட் இருந்துச்சு. தொட்டிக்கு ஆகாதுல்ல?"

"அடேயப்பா! ஒங்களுக்கும் தொழில் தெரிஞ்சுபோச்சே" என்று சிரித்தாள். நாள் பூராவும் உட்கார்ந்து கொத்தியிருக்கிறாரே என்று மனசு இளகி, அன்றைக்கு அவனுக்குப் பிடித்த கணவாய்த் தொக்கு வைத்தாள். பாவி மனுஷன், இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

மறுநாள் கல்லுக்கு முதல் குளியல். கொதிக்கிற தண்ணீரை நீல டிரம்மில் ஊற்றி, கல்லை ஒவ்வொன்றாக இறக்கி, மூடி போட்டுவிட்டுப் படுத்தாள். இதற்கப்புறம்தான் பிளீச்சிங் பவுடர், ஆசிட் எல்லாம். காலையில் மூடியைத் திறந்தால் தண்ணீர்மேல் வெள்ளையாக ஆடை கட்டியிருக்கிறது. விரலால் வழித்துப் பார்த்தாள். மெழுகு.

"எந்தக் கட்டையில போறவன் மதிலுக்கு மெழுகு ஊத்துனான்!" என்று கத்தினாள். கோபம் வராதா பின்னே? கல்லின் பொத்தலில் மெழுகு அடைத்துக்கொண்டால், தண்ணீரைச் சுத்தம் செய்கிற ஒரு பூச்சியும் அதில் குடியிருக்காது. கம்பியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து ஓட்டை ஓட்டையாக நோண்டினாள். ஏழாவது கல்லோ எட்டாவது கல்லோ, கம்பியில் ஏதோ இடறியது. நெம்பினாள். மெழுகு உருண்டையோடு ஒரு சின்ன வெள்ளிச் சுரூபம் மடியில் விழுந்தது. மாதா சுரூபம். ஓரம் மடங்கியது. ஒரு காலத்தில் அவள் கழுத்துச் சங்கிலியில் கிடந்தது.

யூஜினியா கம்பியைக் கீழே போட்டாள்.

இருபது வருஷத்துக்கு முன்னால் அவள் பெற்ற முதல் பிள்ளை மூச்சில்லாமல் பிறந்தது. ஞானஸ்நானம் பெறாத பிள்ளைக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடம் கேட்டு ஒருத்தர் வாசலில் போய் நிற்க அவள் அப்பா ஞானசேகர் வாத்தியாருக்கு மனம் வரவில்லை. புதுவயல் ரோட்டிலிருந்த தம் வீட்டுத் தோட்டத்திலேயே புதைத்தார். ஆஸ்பத்திரியிலிருந்து பிள்ளையைத் துணியில் சுற்றித் தூக்கிப்போனது அருண்தான். யூஜினியா எழுந்து நடமாடியதும், "இந்த இடந்தான்" என்று அவளைக் கூட்டிப்போய்க் காட்டியதும் அவன்தான். அதன்மேல் அப்பா பொத்தல் கல்லை அடுக்கி, உள்ளே நீலம் பூசி, குகை மாதிரி ஒரு மாதா கெபி கட்டினார். யூஜினியா தன் சங்கிலியிலிருந்த சுரூபத்தைக் கழற்றி அதன் கல் பொத்தல் ஒன்றில் செருகிவைத்தாள். வருஷா வருஷம் நவம்பர் இரண்டு, கல்லறைத் திருநாளுக்கு, ஊரே கல்லறைத் தோட்டத்துக்குப் போகும்போது இவள் மட்டும் கெபிக்கு மெழுகுவத்தி கொண்டுபோவாள். அதற்கப்புறம் அவளுக்குப் பிள்ளை இல்லை. அப்பா போனபிறகு, "வீடு பூரா நீயே வச்சுக்க, எனக்குப் பங்கு வேண்டாம். கெபிய மட்டும் தொடாத" என்று தம்பிக்கு எழுதிக் கொடுத்தாள்.

தம்பி மரிய ஜெரால்டுக்குப் போன் போட்டாள்.

"கெபி இருக்காடா?"

"மச்சான் சொல்லலையாக்கா?" என்றான்.

"என்னத்தடா சொல்லணும்?"

"கார் செட்டு போட எடம் பத்தலைக்கா. மச்சான்ட்டதான் மொதல்ல கேட்டேன். சரி இடிச்சுக்க, கல்லை நான் எடுத்துக்கிறேன், ஒங்கக்காட்ட நானே பக்குவமாச் சொல்லிக்கிறேன்னாக."

"கல்லை விடு. கீழ மண்ணு?"

"தூணுக்குக் குழி தோண்டியாச்சுக்கா."

"தோண்டுன மண்ணு எங்கடா?"

"புதுவயல்ல ஒரு ரைஸ்மில்லுல, லாரி நிக்கிற எடம் பள்ளமா இருக்குன்னு கேட்டாக. ரெண்டு டிராக்டர் போச்சு." அவன் அழத் தொடங்கினான். "மச்சான் நின்னு பாத்துக்கிட்டுத்தான்க்கா இருந்தாக. ஒண்ணும் சொல்லலையே."

மத்தியானம் அருண் சாப்பிட வந்தான். அடுப்பு மூட்டவே இல்லை. டிரம் பக்கத்தில், ஈரத் தரையில் அவள் உட்கார்ந்திருந்தாள். உள்ளங்கையை விரித்துச் சுரூபத்தைக் காட்டினாள். அவன் முகம் செத்துப்போயிற்று.

"இளையாத்தங்குடி மதில்னீகளே."

"யூஜினி, அவன் எப்படியும் இடிச்சிருப்பான். வீடு அவன் பேர்ல இருக்கு. வெறுங்கல்லாத் தெருவுல கெடக்கறதுக்கு, நம்ம கையிலயாவது இருக்கட்டுமேன்னுதான்..."

"நம்ம கையிலயா? நெற்குப்பை ஹோட்டல்லயா?"

அவன் டிரம்மைப் பார்த்தான்.

"குழி வெட்டுறப்ப அங்கனதான நின்னீக? துணியில சுத்தித் தூக்கிட்டுப் போன கை இது. இன்ன எடம்னு எனக்கே நீங்கதான காட்டுனீக? பிள்ளை நெனப்பு வரலையா?"

"வந்துச்சு" என்றான் அருண், தலையைக் குனிந்துகொண்டு. "அதனாலதான் ஒன்ட்ட சொல்லலை. நீ தாங்கமாட்ட. அழுவ."

"அழ விட்டிருக்கலாமே!" என்று அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. "எம்பிள்ளைக்கு நான் அழக்கூடாதா? நவம்பர்ல மெழுகுவத்தியோட போயி நான் எங்க நின்னிருப்பேன்? கார் செட்டுலயா? அதுக்கு என்ன பொய் வச்சிருந்தீக, சொல்லுங்க! பெயிண்டக் கொத்துனீகளே, அது அப்பா பூசுன நீலம். நான் கண்டுபிடிச்சிரக் கூடாதுன்னு ஒக்காந்து கொத்தியிருக்கீக. அது தெரியாம ஒங்களுக்குக் கணவாத்தொக்கு வச்சேனே, என்னைச் சொல்லணும்!"

அந்த நேரம் பார்த்து அவன் சட்டைப்பையில் போன் அடித்தது. மெய்யநாதன் செட்டியார். அவன் அணைக்கப் போனான். அவள் பிடுங்கினாள்.

"என்னப்பா, கல்லு எந்த மட்டுல இருக்கு?" என்றார் அவர்.

"யூஜினியா பேசறேன் அண்ணே. கல்லு வராது. அது எம்பிள்ளையைப் பொதைச்ச எடத்துக் கல்லு. என்னட்ட மறைச்சு, என் கையாலேயே கழுவ வச்சுட்டாரு ஒங்க தொட்டிக்கு."

"வேண்டாம்த்தா. வேண்டவே வேண்டாம்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

"ஊரெல்லாம் சொல்லிட்டியே" என்றான் அருண்.

"ஒளிச்சது நீங்க. நான் சொல்லத்தான் செய்வேன்."

அவன் கல்லை எடுத்து வெளியே வைக்கலாம் என்று டிரம்முக்குள் கையை விட்டான். அவள் மணிக்கட்டைப் பிடித்து விலக்கினாள். அடித்திருந்தால்கூட அவன் நின்றிருப்பான். அவள் அவனைத் தொட்ட தன் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள், அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

"நான் என்ன செய்யணும்னு சொல்லு யூஜினி. எதுன்னாலும் செய்யிறேன்."

யூஜினியா சாமி படத்துக்குக் கீழே தொங்கிய வண்டிச் சாவியை எடுத்துவந்து அவன் கையில் வைத்தாள். அவள் குரல் இப்போது தணிந்திருந்தது.

"புதுவயலுக்குப் போங்க. ரெண்டு டிராக்டர் மண்ணுதான். எம்பிள்ளை எந்த லாரிக்கு அடியில கெடக்கான்னு பாத்து, தூக்கிட்டு வாங்க. மொதத் தடவை தூக்குன மாதிரியே தூக்கிட்டு வாங்க. அதுவரைக்கும் இங்குட்டு வராதீக."

அருண் சாவியோடு வாசலில் நின்றான். அவள் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.