பெயரைக் கழுவிய குளியல் தொட்டி

மற்ற ஊர்க்காரர்கள் அரண்மனை இருக்கிறது, கோபுரக் கடிகாரம் இருக்கிறது என்று பீற்றிக்கொள்ளட்டும். ஒரு மனிதரின் பெயரை, அவர் உயிரோடு இருக்கும்போதே, ஒரு எழுத்துகூட மிச்சமில்லாமல் கழுவி எடுத்த குளியல் தொட்டி பூமியில் ஒன்றே ஒன்றுதான் என்று நாங்களும் பீற்றிக்கொண்டோம். அது கிழக்கு லண்டன் ஹாக்னியில், எங்கள் ஹாலிவெல் கட்டடத்தின் ஒன்பதாம் மாடியில் இருந்தது. வெளிர் பச்சை நிறம். சுடுதண்ணீர்க் குழாய் கொஞ்சம் ஒழுகும். பெயருக்கு உரியவர் அந்த நேரத்தில் கடலுக்கு அந்தப் பக்கம், நியூயார்க்கின் பிராங்ஸில் முடிவெட்டிக்கொள்ள உட்கார்ந்திருந்தார். கத்தரி காதுக்கு மேலே வந்தபோது பெயர் போனது. ரிட்லி ரோடு சந்தையில் அன்றைக்கு வாழைக்காய் பவுண்டுக்கு நான்கு. கட்டடம் முழுக்க இதை நம்பியது. தொட்டிக்குச் சொந்தக்காரியான யூடீன் பிராத்வெய்ட் மட்டும் நம்பவில்லை. பார்படாஸிலிருந்து வந்து ஆஸ்பத்திரி வார்டில் தலைமை நர்ஸாக இருந்த அந்த அம்மாள், வேதாகமம் சொன்னதையும் தெர்மாமீட்டர் காட்டியதையும் தவிர வேறெதையும் ஏற்றுக்கொண்டதாகச் சரித்திரம் கிடையாது.

கழுவியது அவருடைய ஒரே மகன் லெஸ்டர். ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் எங்கள் மொட்டைமாடியில் ஏரியல் நட்டுக் கள்ள வானொலி நடத்திய கும்பலில் அவன்தான் பாட்டுப் போடுகிறவன். 1991இல் சந்தையில் பழைய இசைத்தட்டு விற்கும் கடையில் ஐம்பது பென்ஸுக்கு ஒரு ஹிப்-ஹாப் தட்டு வாங்கிவந்தான். பிராங்ஸ் ராப் பாடகர் ஒருவர் சில வருஷத்துக்கு முன்னால் போட்டு, பிராங்ஸிலேயே யாரும் வாங்காமல் போன தட்டு. அதன் நடுவில் ஓரிடத்தில் எல்லா வாத்தியமும் நின்று, டிரம் மட்டும் தனியாகப் புரண்டு ஓட, அதன் மேல் அவர் ஒரு கத்து கத்துவார்: ‘வழி விடு, நான் வந்தாச்சு.’ அவ்வளவுதான். நிமிடத்துக்கு முப்பத்து மூன்று சுற்று ஓடவேண்டிய அந்தத் தட்டை லெஸ்டர் நாற்பத்தைந்தில் ஓடவிட்டான். கனத்த குரல் அணில் குரலானது. டிரம் படிக்கட்டில் உருட்டிவிட்ட பானைக் கூட்டம்போல ஓடியது. அதைத் துண்டு துண்டாக வெட்டி மாற்றி அடுக்கி, அடியில் தன் மாமாவின் ரெகே ஒலிபெருக்கிகளுக்கே உரிய, வயிற்றுக்குள் வந்து உட்காரும் அடிநாதத்தைப் போட்டான். அதுவரை எங்கள் பக்கத்தில் ஹார்ட்கோர் என்று ஆடிக்கொண்டிருந்த பாட்டெல்லாம் சுவர்க் கடிகாரம் மாதிரி ஒரே சீராக அடிக்கும். இது அடிக்கவில்லை, துரத்தியது. இந்த வகைப் பாட்டுக்கு ஜங்கிள் என்ற பெயர் எல்லோர் வாயிலும் நிலைக்க இன்னும் ஒரு வருஷம் பிடித்தது.

பாட்டு முதல் முதலாக ஒலிபரப்பான ஞாயிற்றுக்கிழமை, இரண்டு வருஷமாக நின்றுபோயிருந்த லிஃப்ட் தானாக மேலே ஏறி வந்து கதவைத் திறந்தது. கெட்டிலில் தண்ணீர் ஊற்றுவதற்குள் கொதித்தது. ஆறாம் மாடிக் கிழவர் ஃபின்ச் வளர்த்த ஆமை, மீன் வறுவல் கடைவரை போய்த் திரும்பிவந்தது. வாயில் ஒரு உருளைத் துண்டு இருந்ததைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். யூடீன் அம்மாள் வீட்டு மக்ரோனி பை அடுப்பில் வைத்தவுடன் வெந்துவிட்டது. அடுப்பு புது அடுப்பு என்று அவர் சொன்னார். அடுப்பு 1974இல் வாங்கியது.

பேர் கிடைத்ததும் பயமும் கூடவே வந்தது. லெஸ்டர் எங்கே தட்டு ஓட்டினாலும் மற்ற டிஜேக்கள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்கள். அந்தக் குரல் யாருடையது என்று தெரிந்துவிட்டால் திங்கட்கிழமையே எல்லோரும் அதே தட்டைத் தேடி வாங்கிவிடுவார்கள். அப்புறம் லெஸ்டர் வெறும் லெஸ்டர். ஆகவே அந்தத் தொழிலில் எல்லோரும் செய்வதை அவனும் செய்தான். தொட்டியில் வெந்நீர் நிரப்பி, தட்டை ஊறவைத்து, நடுவிலிருந்த லேபிளைப் பெருவிரலால் தேய்த்து உரித்தான். மற்றவர்கள் உரித்தபோது தாள்தான் வந்தது. இவன் உரித்தபோது எழுத்துகள் தனித்தனியாகக் கழன்று, மிளகுப்பொடி தூவியதுபோல் நீர்மேல் மிதந்து, வரிசையாக நின்றன. பெயர் ஒருமுறை முழுசாகத் தெரிந்தது. பிறகு சுழன்று குழாய்க்குள் போய்விட்டது. தொட்டி அடைத்துக்கொண்டதற்காக யூடீன் அம்மாள் அவனை ஒரு வாரம் திட்டினார்.

பிராங்ஸில் முடிவெட்டிக்கொண்டு எழுந்தவரை முடிதிருத்துநர் கூப்பிட வாய் திறந்தார், காற்றுதான் வந்தது. மனைவி அவரை எப்போதும் ‘செல்லம்’ என்று கூப்பிட்டதால் வீட்டில் ஒரு மாதம் ஒன்றும் தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில் அப்பா பெயர் என்ன என்று கேட்டதற்கு மகள் அழுதுகொண்டு வந்தபோதுதான் தெரிந்தது. சொல்லிக்கொடுக்கலாம் என்று உட்கார்ந்தார், அவருக்கே தெரியவில்லை. மேடையில் அறிவிப்பாளர் அவரை அழைக்கும் இடத்தில் நீண்ட மௌனம் வந்தது, கூட்டம் கலைந்தது. இங்கிலாந்தில் அமெரிக்க விமானப்படைத் தளத்தில் வேலை பார்த்த மைத்துனன், எங்கள் கள்ள வானொலியை நாடாவில் பிடித்து அனுப்பாமல் இருந்திருந்தால் அவர் அப்படியே கரைந்திருப்பார். நாடாவில் அணில் கத்தியது. மகள்தான் கண்டுபிடித்தாள்: ‘அப்பா, இது நீ.’

அடுத்த வருஷம் பிப்ரவரியில் லண்டனில் வந்து இறங்கினார். பாஸ்போர்ட்டில் பெயர் இருக்கவேண்டிய இடம் சலவை செய்த துணிபோல் இருந்தது. பெயரே இல்லாதவர் எந்தத் தடைப் பட்டியலிலும் இருக்க முடியாதென்பதால் விமான நிலைய அதிகாரி முத்திரை குத்தி அனுப்பிவிட்டார். பிறகு ஒவ்வொரு காரின் ஜன்னலிலிருந்தும் கேட்ட தன் குரலைப் பின்பற்றியே எங்கள் கட்டடத்துக்கு வந்து, ஒன்பதாம் மாடிக் கதவைத் தட்டினார். ஆறடி மூன்றங்குலம், ஒட்டக நிறக் கோட்டு. யூடீன் அம்மாள் கதவைத் திறந்து அவரை மேலும் கீழும் பார்த்தார்.

“யாருங்க வேணும்?”

“நான்தாம்மா வேணும். என் பேரு இங்கதான் எங்கயோ விழுந்து கிடக்கு.”

“பேரு விழுந்து கிடக்கா? காய்ச்சல் அடிக்குதா உங்களுக்கு?”

உட்காரவைத்து வாயில் தெர்மாமீட்டரைச் செருகினார். சரியாகவே காட்டியது. அது அவருக்குப் பெரிய ஏமாற்றம். அமெரிக்காக்காரர்கள் ஊட்டச்சத்தில்லாமல் சாப்பிடுவதால் ஞாபகம் போகும் என்று தீர்ப்புச் சொல்லி, தேறும்வரை சோபாவில் படுக்கவிட்டார். கட்டடத்தில் அவரை எல்லோரும் ‘கோட்டுக்காரர்’ என்றார்கள்.

லெஸ்டர் வேலையிலிருந்து வந்தான், பார்த்தான், அந்தக் குரலைக் கேட்டான், முகம் வெளுத்தான். ஏனென்றால் அவனுக்கு அந்தப் பெயர் தெரியும். தண்ணீரில் வரிசையாக நின்றபோது படித்தான். கழுவியவனுக்கு மட்டும் அது மறக்கவில்லை. சொல்லியிருக்கலாம். ஆனால் சொன்னால் கட்டடத்துக்குத் தெரியும், கட்டடத்துக்குத் தெரிந்தால் ஹாக்னிக்குத் தெரியும், தட்டும் போய்விடும், ஞாயிற்றுக்கிழமையும் போய்விடும். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தான். மறுநாள், நேற்றே ஏன் சொல்லவில்லை என்று கேட்பாரே என்று நினைத்தான். இப்படி ஒவ்வொரு நாளும் அந்தப் பெயர் கனம் கூடிக்கொண்டே போனது. சாப்பிடும்போது நாக்குக்கு அடியில் அதை ஒதுக்கி வைத்துக்கொண்டு மென்றான். இளைத்துப்போனான். தூக்கத்தில் சொல்லிவிடுவோமோ என்று வாயில் காலுறையைக் கவ்விக்கொண்டு படுத்தான். கோட்டுக்காரரோ அவனுக்கு டீ போட்டுக் கொடுத்து, தட்டுகளைத் தூசி தட்டி வைத்து, தன் அணில் குரலைக் கேட்டுத் தலையாட்டிக்கொண்டிருந்தார். ‘என்னைவிட என் குரல் நல்லா வாழுது’ என்று ஒருநாள் சொன்னார். கோபமாகச் சொல்லியிருந்தால் லெஸ்டர் தாங்கியிருப்பான்.

மார்ச்சில் அடுத்த அடி விழுந்தது. லெஸ்டர் தன் பாட்டைச் சில நூறு பிரதிகள் அச்சிட்டு, வெள்ளை லேபிளில் ரப்பர் முத்திரையால் தன் பெயரைக் குத்தி, காரின் பின்பக்கத்தில் வைத்து விற்றிருந்தான். லண்டன் ஓரத்து ரோம்ஃபோர்டில் யாரோ அதை வாங்கி, அதே பழக்கப்படி ஊறவைத்துவிட்டார்கள். சந்தையில் மீன்காரர் ‘வா, தம்பி’ என்றார். வழக்கமாகப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர். வானொலியில் அவன் முறை வந்தபோது அறிவிப்பாளன் ‘அடுத்து வருபவர்...’ என்று தொடங்கி இருமினான். லெஸ்டர் கண்ணாடி முன்னால் நின்று தன் பெயரைச் சொல்லிப் பார்க்க முயன்று, குழாயைத் திறந்துவிட்டு, சத்தம் கேட்காமல் அழுதான்.

அந்த வாரத்திலிருந்து யூடீன் அம்மாள் மகனைக் கூப்பிடுவதை நிறுத்தியிருந்தார் என்பதைக் கட்டடம் கவனித்தது. சாப்பாட்டுக்குக் கூப்பிடவேண்டுமானால் கரண்டியால் சுவரைத் தட்டுவார். ‘டேய்’ என்பார், ‘ராசா’ என்பார். மாதா கோயிலில் குடும்பத்துக்காக ஜெபிக்கச் சொன்னபோது, ‘எனக்கு, அப்புறம் அவனுக்கு, ஆண்டவரே, உமக்கே தெரியும்’ என்று முடித்துக்கொண்டார். யாராவது கேட்டால் இரவு வேலைக் களைப்பு என்றார். வார்டில் நோயாளிகளின் பெயரெல்லாம் தடுக்காமல் வந்தது.

ஏப்ரலில் ஒரு ஞாயிறு. பச்சைத் துவரை போட்ட சோறு, சுட்ட கோழி. கரண்டி சுவரில் தட்டும் சத்தம் கேட்டு லெஸ்டரும் கோட்டுக்காரரும் மேஜைக்கு வந்தார்கள். அம்மாள் கோழியின் காலை மகன் தட்டில் வைத்து, வாய் திறந்து, மூடி, மறுபடி குழம்பு எடுக்க அடுப்படிக்குப் போனார். குழம்பு மேஜையில்தான் இருந்தது. கோட்டுக்காரர் அவர் போன திசையைப் பார்த்தார், பிறகு லெஸ்டரைப் பார்த்தார், கோழியைத் தள்ளிவைத்தார்.

“தம்பி, உங்க தொட்டியைப் பாத்த அன்னிக்கே எனக்குப் புரிஞ்சிருச்சு. எங்க அம்மா வீட்லயும் ஒரு தொட்டி இருந்துச்சு. மஞ்சள் கலரு.”

லெஸ்டர் கரண்டியைக் கீழே வைத்தான்.

“அந்த டிரம் நான் வாசிச்சதுன்னு நினைச்சியா? எனக்கு டப்பாகூடத் தட்டத் தெரியாது. கரோலினாக்காரர் ஒருத்தரு வாசிச்சது. பழைய தட்டுலேருந்து எடுத்தேன். எவனும் பாக்கக் கூடாதுன்னு ஊறப்போட்டு உரிச்சேன். அந்த ஆளு பேரு இன்னிக்கும் என் தொண்டையில நிக்குது. கழுவுனவனுக்கு மட்டும் மறக்காது. அதுதான் தண்டனை.”

“அப்ப நான்...”

“உனக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும்டா. நீயா சொல்லுவேன்னு காத்துக்கிட்டிருந்தேன். நானே சொல்லாதவன், உன்னை எந்த வாயால கேக்குறது?”

ஏரியல் மாடியில் நட்டபடி இருந்தது, நேரமும் ஒலிபரப்பு நேரம். இரண்டு பேரும் சாப்பிட்ட கையோடு படியேறினார்கள். முதலில் கோட்டுக்காரர் மைக்கைப் பிடித்து, ஐந்து வருஷமாக விழுங்கி வைத்திருந்ததைத் துப்பினார்: டிரம் வாசித்தவர் ஹோரஸ் பெட்டிகிரு, கிரீன்வில் ஊர்க்காரர், இடதுகைக்காரர். கரோலினாவில் ஒரு முதியோர் இல்லத்தில் ஒரு கிழவர் தூக்கத்திலிருந்து எழுந்து நர்ஸிடம் தன் பெயரைச் சொன்னதாகப் பிற்பாடு கடிதம் வந்தது. பிறகு லெஸ்டர் மைக்கைப் பிடித்தான். இதைச் சொன்னால் நாளையிலிருந்து தான் யார் என்று யோசித்தான். இப்போதே யாருமில்லை என்று நினைவு வந்தது. “இந்தக் குரல் லமான்ட் டில்லரியோடது,” என்றான். “பிராங்ஸ். 1987. எல்லாரும் கேட்டுக்குங்க. லமான்ட் டில்லரி.” பக்கத்தில் நின்றவர், திருடுபோன கோட்டைத் திரும்பப் போட்டுக்கொள்கிறவர்போலத் தோளை ஒருமுறை குலுக்கினார். மறுநாள் ஐம்பது பென்ஸ் தட்டு நாற்பது பவுண்டுக்குப் போனது.

ஆனால் லெஸ்டருக்கு ஒன்றும் திரும்பவில்லை. பாட்டு ஓடியது. அவன் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றான். தன்னைக் கழுவியது யார் என்று அவனுக்குத் தெரியாது. லண்டன் பெரிய ஊர். ஒரு பாட்டு முடிந்து அடுத்தது ஓடியது. அதுவும் முடியும் நேரத்தில், நேயர்கள் பேசுவதற்காக வைத்திருந்த செங்கல் அளவு ஃபோன் அடித்தது. ரோம்ஃபோர்டிலிருந்து டோனா ஸ்கெக்ஸ் என்ற பெண்.

“நானும் ஒண்ணு கழுவிட்டேங்க, எங்க வீட்டுப் பாத்திரத் தொட்டியில. உங்களுதுதான். அன்னியிலேருந்து தூக்கமே இல்ல. லெஸ்டர் பிராத்வெய்ட். சாரி.”

லமான்ட் டில்லரி ஃபோனைப் பிடுங்கி மைக்குக்கு நேரே வைத்து, இன்னொருமுறை சொல்லச் சொன்னார். அவள் சொன்னாள்.

கீழே அடுப்படியில் வானொலி ஓடிக்கொண்டிருந்தது. ஒன்பதாம் மாடிக்கு மேலே எட்டு மாடி. லிஃப்ட் பழையபடி நின்றுபோயிருந்தது. நர்ஸ் செருப்பு ஒவ்வொரு படியாக ஏறிவரும் சத்தத்தைக் கட்டடம் கேட்டது. யூடீன் அம்மாள் கையில் குழம்புக் கரண்டியோடு மாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். மூச்சு வாங்கியது. லமான்ட் ஒதுங்கி வழிவிட்டார். ‘களைப்பா அம்மா?’ என்று மகன் கேட்டான். இல்லை என்று தலையாட்டினார்.

“அடுப்பும் பழசுதான். எல்லாம் நடந்ததுதான். மூணு வாரமா உன் பேரு என் வாயில இல்லடா, லெஸ்டர். பெத்த பிள்ளை பேரு மறந்துபோச்சுன்னு நான் எவகிட்ட போய்ச் சொல்லுவேன்?”