மருதாள் நிட்ஸின் இருண்ட காலம்

எங்கள் நிறுவனம் பனியன் கம்பெனிகளுக்கு மென்பொருள் விற்கிறது. அதை வாங்கியவர்கள் எப்படிக் கடைத்தேறினார்கள் என்று இணையதளத்தில் எழுதுவது என் வேலை. கேஸ் ஸ்டடி என்பார்கள். முதலில் வாடிக்கையாளரைக் குழிக்குள் தள்ள வேண்டும். பிறகு நாங்கள் கயிறு போடுவோம்.

மருதாள் நிட்ஸ் என்ற பனியன் கம்பெனியின் உரிமையாளர் சென்னியப்பனிடம், மென்பொருளுக்கு முன்னால் என்ன சிரமம் இருந்தது என்று கேட்டேன். வெகுநேரம் யோசித்தார். நானும் பேசாமல் இருந்தேன். எனக்கு நன்றாக வரும் ஒரே காரியம் அது.

“சிரமம்னு ஒண்ணும் இல்லீங்க தம்பி. உங்க மொதலாளி சதீஷ்குமார் நம்ம சொந்தம். கேட்டாரு, வாங்கிப் போட்டனுங்க.”

இதை வைத்து ஒரு வரி தேறாது. ஆகவே ஆர்டர்கள் தொலைந்தன, துணி தேங்கியது, உரிமையாளர் உறக்கமின்றித் தவித்தார் என்று எழுதினேன்.

“இன்னுங் கொஞ்சம் அழ வைங்க,” என்றார் என் முதலாளி சதீஷ்குமார்.

அழ வைத்தேன். முடிவில், எங்கள் மென்பொருளால் நாற்பது சதவீத வளர்ச்சி என்றும் சேர்த்தேன். ஒப்புதலுக்காக வாட்ஸப்பில் அனுப்பினோம். கூப்பிய கைகளின் படம் ஒன்று பதிலாக வந்தது.

“கும்புட்டுட்டாருங்க. ஏத்தி உடுங்க,” என்றார் சதீஷ்குமார்.

சென்னியப்பன் காலை வணக்கத்துக்கும் இழவுச் செய்திக்கும் அதே கைகளைத்தான் அனுப்புவார் என்பது பிறகுதான் தெரிந்தது.

அவர் மகன் பிரதீப்புக்குக் காங்கேயத்தில் பெண் பேசிக்கொண்டிருந்தார்கள். பெண் பூங்குழலி, மாப்பிள்ளையின் கம்பெனியை இணையத்தில் தேடியிருக்கிறாள். முதலில் வந்தது என் இலக்கியம். பெண்வீட்டார் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

சென்னியப்பன் சத்தம் போடவில்லை. “ஏனுங்க தம்பி, நா எப்பங்க தூக்கமில்லாம தவிச்சேன்? இப்பத்தானுங்க தவிக்கறேன். நீங்களே வந்து சொல்லிப்போடுங்க,” என்று என்னைக் காரில் ஏற்றினார். காங்கேயம் போனோம்.

பூங்குழலியின் அப்பா செந்தில்வேல் அரிசி ஆலை வைத்திருப்பவர். அவர் வீட்டில் காபி கொடுத்தார்கள். குடித்துவிட்டு, “நான் எழுதுனது பூரா பொய்ங்க,” என்றேன்.

“கஷ்டம் பொய்யி, சரி. அந்த நாப்பது சதவீத வளர்ச்சி?” என்றாள் பூங்குழலி.

“அதுவும் நான்தாங்க.”

“எதுதானுங்க நெசம்?”

“விலாசம்.”

செந்தில்வேல் சிரித்துவிட்டார். பூங்குழலி சிரிக்கவில்லை. சென்னியப்பன் பக்கம் திரும்பினாள்.

“போடறதுக்கு முன்னால உங்களுக்கு அனுப்புனாங்களா, மாமா?”

“அனுப்புனாங்க கண்ணு.”

“படிச்சீங்களா?”

சென்னியப்பன் காபி டம்ளரைப் பார்த்தார். “பிரதீப்பப் படிச்சுப் பாக்கச் சொல்லி அனுப்பி வெச்சனுங்க கண்ணு. அவனும் கும்புட்டுட்டான்.”

பூங்குழலி தன் அப்பா பக்கம் திரும்பினாள்.

“பேசி முடிச்சுருங்கப்பா,” என்றாள் பூங்குழலி. “அந்த ஊட்டுல படிக்கறதுக்கு ஒரு ஆளு வேணுமுங்க.”