ஆறப்போடாத நெட்

உள்ளே கையை விட்டால் ரேகைகூட வெளியே தெரிகிற தோல்நிற நெட், இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும், அதைத்தான் சுலோச்சனா கனவிலும் தைத்துக்கொண்டிருக்கிறாள், கல்யாண மண்டபத்து நாற்காலியில் கண் சொருகுகிறது, மேளச் சத்தம் ஓவர்லாக் மெஷின் சத்தமாகிறது, திருப்பூர் கம்பெனியில் அவள் தைப்பதெல்லாம் வெள்ளைக்காரிகள் உள்ளே போடுகிற துணி, இதப் போட்டா என்ன போடாட்டி என்ன, கண்றாவி, என்று முகம் சுளித்தவள்தான் கணவனின் அக்கா வசந்தாமணி, இவளுக்கு நங்கையா முறை, வாயைத் திறந்தால் மிளகாய் நெடி, அப்பேர்ப்பட்ட நங்கையா போன மாதம் வந்து கதவைச் சாத்திக்கொள்கிறாள், சுலோ, எனக்கு ஒரு பக்கம் எடுத்துட்டாங்கல்ல புள்ள, சின்னத் தம்பி கல்யாணத்துல இணைச்சீருக்கு அவம் பக்கத்துல மேடையில உக்காரோணும், ஊரே என் மாரைத்தான் பாக்கும், நான் போகமாட்டேன், அக்கா வராட்டி சீரே வேண்டாம்னு அவன் அழுவறான், என்றபடி முந்தானையை விலக்குகிறாள், தழும்பு இன்னும் சிவந்திருக்கிறது, சுலோச்சனா டேப்பை வைத்து அளக்கிறாள், நான் தெச்சுத் தர்றனுங்க நங்கையா, உள்ள பஞ்சு வெச்சு, உறுத்தாம.

கம்பெனியில் கூட்டுகிறவர்களுக்குக்கூடத் தெரியும், ரோலிலிருந்து உருவிய நெட்டை உடனே வெட்டக் கூடாது, விரித்து ஒரு நாள் ஆறப்போட வேண்டும், இழுபட்ட துணி தன் அளவுக்குத் திரும்பிய பிறகுதான் கத்தரி, ஆனால் நேற்று ஓவர்டைம் முடித்து வந்தவளுக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது, துணியை ஆறப்போடத் தெரிந்த ஊரில் உடம்பை ஆறப்போட யாருக்கு நேரம், உருவினாள், வெட்டினாள், தைத்தாள், பழகின கைதானே என்ற நினைப்பு, யானைக்கும் அடி சறுக்கும், இன்று காலை மண்டபத்து அறையில் மாட்டிப் பார்த்தால் கொக்கி எட்டவில்லை, நெட் சுருங்கிவிட்டது, இழுத்து மாட்டினால் தழும்பில் அழுத்தி நங்கையாவுக்குக் கண்ணில் நீர் முட்டுகிறது, வெளியே சீர் செய்துவைக்கிற பெரியவர் குரல் கொடுக்கிறார், அக்காளை வரச் சொல்லுங்க, பிரிச்சுத் தெச்சர்றனுங்க என்று சொல்லும்போதே சுலோச்சனாவுக்குத் தெரிகிறது, பிரித்துவிட மடிப்பில் துணி இல்லை, நேரமும் இல்லை, நாசமாய்ப் போன கை என்று தரையில் உட்கார்ந்து அழுகிறாள் சுலோச்சனா, எழுந்திருக்கக்கூடத் தெம்பில்லை, நங்கையா இப்போது கத்துவாள், கத்தட்டும், ஆனால் அவள் குனிந்து இவள் தலையைத் தடவுகிறாள், அழுவாத புள்ள, ஆபரேசனுக்கு அப்பறம் எங்கூட்டுக்காரர்கூட அந்தப் பக்கம் கண்ணெடுத்துப் பாக்குல, நீதான் கூசாம டேப்ப வெச்சு அளந்த, எனக்கு அது போதும், இத அறுத்து எடு.

அறுத்தாள், இல்லை, கனவில் இன்னும் அறுத்துக்கொண்டே இருக்கிறாள், யாரோ தோளில் தட்ட விழித்துக்கொள்கிறாள், மேடையில் தம்பி பக்கத்தில் நங்கையா உட்கார்ந்துவிட்டாள், பட்டுச்சேலை ஒரு பக்கம் தட்டையாக விழுந்திருக்கிறது, தம்பி மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரிக்கிறான், முன்வரிசைப் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொள்கிறார்கள், நங்கையா சீர்த்தட்டை வாங்கக் கை நீட்டும்போது முந்தானை நழுவுகிறது, இழுத்துவிடுங்க என்று சைகை காட்டச் சுலோச்சனாவின் கை தானாக எழுகிறது, நங்கையா அதைப் பார்க்கிறாள், பார்த்தும் இழுத்துவிடவில்லை, அட, கூசுகிறவள் நான்தானா என்று சுலோச்சனாவுக்கு முகம் சுடுகிறது, தூக்கிய கையை, மடியில் கிடக்கும் அறுத்த நெட்டின்மேல் இறக்கிக்கொள்கிறாள்.