குறியில்லாத மூட்டை

1953 ஆடி மாதத்தில் என் மண்டையிலிருந்து எலுமிச்சம்பழ அளவில் ஒரு கட்டியை எடுத்தார்கள். ராயபுரத்திலிருந்து என் சம்சாரம் ஜெரினா தினமும் பஸ் பிடித்து வந்து ஆஸ்பத்திரியில் கேட்டது ஒரே கேள்விதான்: இவர் பிழைப்பாரா, மாட்டாரா? அதற்கு மட்டும் பதில் இல்லை.

கட்டியை மெல்லிசாகச் சீவி மைக்ராஸ்கோப்பில் பார்த்த டாக்டர் சங்கரநாராயணனுக்கு அப்படியொரு சந்தோஷம். செல்லெல்லாம் பூதம் மாதிரி வீங்கி, ஒவ்வொன்றிலும் ஏழெட்டுக் கரு இருந்ததாம். எந்தப் புத்தகத்திலும் அப்படிப் படமே இல்லையாம். பெரிய டாக்டர்கள் வரிசையில் நின்று பார்த்தார்கள். ஒருவர் எனக்கு ஆறு மாதம் என்றார், இன்னொருவர் ஆறு வாரம் என்றார். மூன்றாமவர், கட்டி வைத்த பாட்டில் மாறிவிட்டது, இது ஆட்டு மூளை என்று அடித்துச் சொன்னார்.

"அப்ப பதினஞ்சு வருசமா ஆட்டு மூளையோடயா நான் குடும்பம் நடத்திக்கினு இருந்தேன்?" என்று கேட்டாள் ஜெரினா.

டாக்டர்கள் என் கட்டிலைத் தாண்டித்தான் போனார்கள், ஒருத்தராவது என்னை ஏறிட்டுப் பார்க்கவில்லை. கட்டிக்கு இருந்த மரியாதை அதைச் சுமந்தவனுக்கு இல்லையே என்று எனக்கு வயிறு எரிந்தது.

பதினோராம் நாள் நானும் பார்த்தே தீருவேன் என்று அடம்பிடித்து, கட்டுப்போட்ட தலையோடு மைக்ராஸ்கோப்பின் மேல் குனிந்தேன். பயமாகத்தான் இருந்தது. ஆனால் நான் இருபது வருஷம் துறைமுகக் கிடங்கில் சரக்கு பார்த்து அனுப்பியவன். குறியில்லாத மூட்டை வந்தால் நாங்கள் அதன் தோற்றத்தைப் பார்த்து மிரளுவதில்லை. தனியாக வைத்து, ஒழுகுகிறதா, உப்புகிறதா, பக்கத்து மூட்டையைக் கெடுக்கிறதா என்று பார்ப்போம். மூன்றும் இல்லையென்றால் சாக்கட்டியால் ஒரு வட்டம் போட்டு வெளியே விடுவோம்.

"மூஞ்சி கலீஜாத்தான் கீது, சார். பெருகிக்கினு கீதா? பக்கத்துல கீறத கெடுக்குதா? அத்த சொல்லுங்க. அதெல்லாம் இல்லேன்னா, கிடங்குல நாங்க சாக்கட்டியால ஒரு வட்டம் போட்டு வெளிய வுட்டுருவோம்," என்றேன்.

டாக்டர் திருதிருவென்று விழித்தார். அந்த அழகில் மயங்கி அதைப் பார்க்கவே மறந்துபோயிருந்தார். மத்தியானம் முழுக்கத் தேடியும் பிரிந்து பெருகும் செல் ஒன்றுகூட அகப்படவில்லை. ஓரமும் சுத்தமாக இருந்தது. கெடுதல் இல்லாத கட்டி, முழுசாக வந்துவிட்டது, நீ பிழைத்துக்கொள்வாய் என்று அவர் சொன்னபோது குரலில் லேசான வருத்தம்கூட இருந்தது. ஜெரினா தரையில் உட்கார்ந்து அழுதாள்.

சீட்டில் வியாதியின் பெயர் எழுதாமல் வீட்டுக்கு அனுப்ப முடியாது என்றார் ஆபீஸ் குமாஸ்தா. பெயர் யாருக்கும் தெரியாது. டாக்டர் என்னை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார். பிறகு பேனாவை எடுத்து, பெயர் எழுத வேண்டிய கட்டத்தில் ஒரு வட்டம் போட்டார்.